பதினேழாம் எண் கதையின் கடைசிப் பக்கம்

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு இலக்கிய அறக்கட்டளையில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண். சிறுகதைப் பட்டறைக்கான விண்ணப்பத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு வரி சேர்க்கிறார்களாம். ‘இக்கதை முழுவதும் நானே எழுதியது. எந்தச் செயலியும் எழுதித் தரவில்லை என உறுதியளிக்கிறேன்.’ கீழே கையெழுத்து, தேதி, இடம். சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. ஒற்றுப்பிழைகூட இல்லை.

அதோடு விடவில்லை. ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். “இருபத்தாறு வருசம் நிகழ்ச்சி நடத்திருக்கீங்க மேடம். ரெண்டு பக்கம் போதும். நல்ல விதமா இருக்கட்டும்.”

நல்ல விதமாக எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். நான்காவது தாளில் வந்தது இது. அந்த மலரில் இதைப் போட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அறக்கட்டளையின் பெயரை எழுதவில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, தட்டச்சும் தெரியும் என்பதால்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. புதுக்கோட்டையில் மாடியில் ஒரு அறை, இரண்டு பீரோ, ஒரு செயலாளர், நான். பதவியின் பெயர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சேர்ந்த முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டது, இலக்கிய நிகழ்ச்சி என்பதில் இலக்கியம் ஒரு ஓரம்தான். மற்றதெல்லாம் நாற்காலி, மைக், மின்விசிறி, மேடையில் யார் பக்கத்தில் யார்.

செயலாளர் சதாசிவம் சார் அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் உயர்ந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் சட்டைப்பையிலிருந்து மைப் பேனாவை எடுப்பார், மூடியைக் கழற்றுவார், திரும்ப மூடுவார், பையில் வைப்பார். அவ்வளவுதான் பதில். அதற்கு மேல் அந்தப் பேச்சு நகராது. அந்த மூடியின் சத்தத்தை இருபது வருடம் கேட்டிருக்கிறேன்.

அழைப்பிதழ் தயாரிப்பதை அவர் ஒரு வழிபாடு மாதிரி செய்வார். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை, தொகுப்புரை. ஒவ்வொரு பெயருக்கும் நான் போன் செய்து முதலெழுத்து சரியா, பட்டம் என்ன, பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று கேட்டு எழுதி வர வேண்டும். அச்சு வந்ததும் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து எழுத்தின் அளவைப் பார்ப்பார். ஒருவர் பெயர் இன்னொருவர் பெயரை விடப் பெரிதாகிவிடக் கூடாது. அரிமளத்துக் கவிஞர் ஒருவருக்குத் தலைமைக்குப் பதில் முன்னிலை என்று விழுந்துவிட்டது. மனிதர் வந்தார். மேடை ஏற மறுத்து முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மேடையில் பேசிய அத்தனை பேரும் ‘கீழே அமர்ந்திருக்கும் மேடைக்குரியவரே’ என்று அவரை விளித்துப் பேசினார்கள். அன்று அழைப்பிதழில் பத்தொன்பது பெயர். மேடையில் பதினான்கு பேர், கீழே பதினொரு பேர். அந்தப் பதினொருவரில் நான்கு பேர் மேடையில் இருந்தவர்களின் வீட்டார்.

இந்தச் சலிப்பில்தான் நான் பட்டறையைப் பிடித்துக்கொண்டேன். பேச்சுக் கூட்டம் உங்கள் பாடு, எழுதுகிறவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு நாள் என்னிடம் விடுங்கள் என்று சாரிடம் கேட்டேன். பேனா மூடி திறந்தது, மூடியது. அடுத்த வருடமும் கேட்டேன். மூன்றாவது வருடம் சரி என்றார். ஆனால் எல்லாவற்றுக்கும் விதி எழுதித் தர வேண்டும் என்றார்.

விதிகளை நானே எழுதினேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைக்க முடியாது. கதைகள் இரண்டு வாரம் முன்னதாக வந்துவிட வேண்டும். பெயரை மறைத்து எண் கொடுத்து நகலெடுப்பேன். பட்டறையில் ஒருவர் கதையை வேறொருவர் உரக்க வாசிப்பார். பிறகு விவாதம். விவாதம் முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, தான்தான் எழுதினேன் என்று முகத்திலும் காட்டிக்கொள்ளக் கூடாது. பார்வையாளர்கள் பேசவே கூடாது. கதை தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் வழி என்று நம்பினேன். பல வருடம் அது நன்றாகவே நடந்தது. அழுதவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டோடு பஸ் ஏறியவர்கள் உண்டு. ஆனால் நல்ல கதைகள் சில வந்தன.

ஒரு வருடம் திருவரங்குளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தோம். இருபத்திரண்டு பேர். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ரேணுகா என்ற பெண் வந்திருந்தாள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அண்ணன் வளைகுடாவில். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக இரண்டு நாள் அனுப்ப வீட்டில் சம்மதிக்காததால் அண்ணன் மனைவி பாக்கியத்தைத் துணைக்கு அனுப்பியிருந்தார்கள். பாக்கியத்துக்கு நாற்பது வயதிருக்கும். இரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு, கையெழுத்துப் போடத் தெரியும். முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் வேலை. கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. நாற்காலி போட்டும் உட்காராமல், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் நாள் காலை பதினேழாம் எண் கதை வாசிக்கப்பட்டது.

ஒரு முந்திரிக் கொட்டகை. பன்னிரண்டு பெண்கள். தகர வட்டிலில் கொட்டை தீப்பிடித்து எரிவதும், மண்ணில் கொட்டி அணைப்பதும், சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு கட்டையால் தட்டிப் பருப்பெடுப்பதும் வாசித்தவரின் குரலில் அப்படியே எழுந்து வந்தன. பருப்பு குறைகிறது என்று கொட்டகைக்காரர் கண்டுபிடிக்கிறார். எடுத்தது யார் என்று சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேரையும் நிறுத்திவிடுவேன் என்கிறார். மடியில் பருப்பு எடுத்தது தன் தோழி என்று கதாநாயகிக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் அவள் கொட்டகைக்காரர் முன்னால் போய் நின்று, தான்தான் எடுத்தேன் என்று பழியை ஏற்றுக்கொண்டு வெளியேறுகிறாள்.

பிறகு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், முடிவு மிக உயர்ந்தது என்றார், தியாகம் என்ற சொல்லை நான்கு முறை சொன்னார். இன்னொருவர், கதை முழுக்க உண்மையாக வந்து கடைசியில் மட்டும் நாடகமாகிவிட்டது என்றார். இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. அப்போதுதான் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

“அப்புடி நடக்கலங்க. அவ காட்டிக் குடுத்துட்டா.”

எல்லோரும் திரும்பினார்கள். பாக்கியம் எழுந்து நின்றிருந்தார். ரேணுகா தலையைக் குனிந்துகொண்டாள். நான் என்ன செய்தேன்? விதியைச் சொன்னேன். “பார்க்க வந்தவங்க பேசக்கூடாதும்மா. உக்காருங்க.” அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் தியாகத்தைத் தொடர்ந்தார்.

தேநீர் இடைவேளையில் இருவரையும் தனியாக அழைத்துக் கேட்டேன். பொழுது போகாமல் மதினி கொட்டை உடைக்கும்போது சொன்னதைப் பல நாள் போனில் பதிவு செய்து, அதிலிருந்து கதையாக்கியதாக ரேணுகா சொன்னாள். முடிவை மாற்றியது அவள்தான். மாற்றியதை மதினியிடம் வாசித்துக் காட்டவில்லை. பாக்கியம் அந்த முடிவை முதல் முறையாகக் கேட்டதே அந்த மண்டபத்தில்தான். “கதைன்னா கற்பனை இருக்கணும்ல மேடம்” என்றாள் ரேணுகா. அதில் தப்பு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. பாக்கியம் தேநீர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கதை தொகுப்புக்குத் தேர்வானது. முதல் கதையாகவே போடலாம் என்று தேர்வுக் குழு எழுதியிருந்தது, ‘உன்னதமான முடிவுக்காக’.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் பாக்கியம் தனியாகப் பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்தார். சார் வெளியே போயிருந்தார். என் எதிரில் உட்காரச் சொன்னேன், இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம்தான் முழுக்கச் சொன்னார்.

காட்டிக்கொடுத்த பெண் அவர்தான். தோழியின் பெயர் சரோஜா, அதே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. சரோஜாவை அன்றைக்கே கொட்டகையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கொட்டகைகளிலும் சேர்க்கவில்லை. தன் பெயரைச் சொன்னது மல்லிகா என்ற இன்னொரு பெண் என்று சரோஜா நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பதினொரு வருடமாக மல்லிகாவோடு பேச்சு வார்த்தை இல்லை. மல்லிகா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை, மல்லிகாவின் புருஷன் செத்தபோது துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை. பாக்கியத்தோடு மட்டும் பழைய மாதிரியே ஒட்டி உறவாடிக்கொண்டிருக்கிறார்.

“நேர சொல்லப் போவேங்க. அவ மொகத்தப் பாத்ததும் வாய் வராது. இவ போன்ல புடிச்சு எழுதுறேன்னதும், சரி, பொஸ்தகத்துல வந்துருச்சுன்னா அவ மக படிச்சுக் காட்டிருவான்னு நெனச்சேன். கத வருது, வெளியீட்டுக்கு நீயும் வரணும்னு சரோசாகிட்ட சொல்லியும் வச்சுட்டேன். இப்ப அதுல நான் பழிய ஏத்துக்கிட்டதால்ல இருக்கு? அவ கேட்டா என்னத்த நெனப்பா?”

காட்டிக்கொடுத்தவளே தியாகியாக வரும் கதையை, காட்டிக்கொடுக்கப்பட்டவள் உட்கார்ந்து கைதட்டிக் கேட்கப் போகிறாள். இதைச் சொல்ல அந்த அம்மாள் பட்டறையிலேயே வாயைத் திறந்தார். திறந்த வாயை நான்தான் மூடினேன்.

சார் வந்ததும் சொன்னேன். அவர் பதறவில்லை. விண்ணப்பத்தைக் கோப்பிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தார். “படைப்பாளர் கையெழுத்து யாருடையதும்மா?” ரேணுகாவுடையது. “தேர்வுக் குழு எந்த முடிவைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கு?” இந்த முடிவைத்தான். தேர்வான பிறகு ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் படைப்பாளரின் கடிதம் வேண்டும், கடிதம் வந்தால் குழுவைத் திரும்பக் கூட்டலாம் என்றார். சொன்னவர் பெயர் என்று பாக்கியத்தின் பெயரையாவது சேர்க்கலாமே என்றேன். விண்ணப்பத்தில் படைப்பாளருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றார். அந்த விண்ணப்பத்தை வரைந்ததும் நான்தான்.

அடுத்த நாளே பஸ் பிடித்து ரேணுகாவைப் பார்க்கப் போனேன். கடிதம் எழுதித் தர அவள் மறுத்துவிட்டாள். அண்ணன் ஊரில் இல்லாத நேரத்தில் மதினிக்குக் கெட்ட பெயர் வந்தால் வீட்டில் தன்னைத்தான் கேட்பார்கள் என்றாள். மதினியைக் காப்பாற்றத்தான் முடிவை மாற்றினேன் என்றாள். அது பொய்யில்லை. அந்த முடிவைத்தானே எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றும் சொன்னாள். அதுவும் பொய்யில்லை. கடைசியில் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கத எழுதக் கத்துக் குடுக்குறோம்னுதான் கூப்டீங்க மேடம். சாட்சி சொல்லக் கூப்பிடலயே.”

அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. பதினேழாம் எண் கதையின் கடைசிப் பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்தினேன். வேறு எதையும் தொடவில்லை. அந்த நாளை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. மேலிருப்பவர் விடவில்லை, எழுதியவள் விடவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சிவப்புப் பேனா என் கையில்தான் இருந்தது.

வெளியீட்டு விழா கந்தர்வக்கோட்டையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அழைப்பிதழில் பதினாறு பெயர். சிறப்பு விருந்தினர் வெளியூர்ப் பேராசிரியர். வழக்கத்துக்கு மாறாக அன்று கீழேயும் கூட்டம் இருந்தது. ரேணுகாவின் ஊரிலிருந்து நாற்பது பேராவது வந்திருப்பார்கள். நான்காவது வரிசையில் பாக்கியம். பக்கத்தில் நீல நூல் புடவையில் ஒரு பெண், அவருக்குப் பக்கத்தில் கல்லூரியில் படிக்கிற வயதில் ஒரு மகள். அதுதான் சரோஜா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. விசிறிக் காற்று பாக்கியத்துக்கு வரவில்லை என்று நாற்காலியை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஏற்புரைக்கு முன் ரேணுகா கதையின் இறுதிப் பகுதியை வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். ‘நான்தான் எடுத்தேன்’ என்ற வரி வந்தது. கைதட்டல் எழுந்தது. சரோஜாவும் கைதட்டினார், பாக்கியத்தின் தோளில் இடித்துச் சிரித்தார்.

பாக்கியம் எழுந்தார். மேடையைப் பார்க்கவில்லை. மேடைக்குக் கீழே கம்பியில்லாத மைக்கோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“மேடம், இன்னிக்காச்சும் பேசலாமா?”

சார் மேடையிலிருந்து என்னைப் பார்ப்பது தெரிந்தது. சட்டைப்பைப் பக்கம் கை போனதையும் பார்த்தேன். நிகழ்ச்சி நிரலில் இதற்கு இடமில்லை. நான் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போய் மைக்கை பாக்கியத்தின் கையில் கொடுத்தேன். வாய்க்கு எவ்வளவு அருகில் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன்.

“இந்தக் கதையில கடைசி மாத்தி எழுதிருக்குங்க. அவ பழிய ஏத்துக்கல. கொட்டகக்காரர்கிட்டப் போயி சரோசாதான் எடுத்தான்னு சொன்னா. சொன்னது நான். மல்லிகா இல்ல சரோசா. நான்தான். நானும் எடுத்தவதான், அதையும் சொல்லல.”

மைக்கை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். மொத்தமே அரை நிமிடம் இருக்காது.

அந்த நேரம் பார்த்து எங்கள் சிறப்பு விருந்தினர் குறுக்கிட்டார். இதுவும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று அவருக்கு எண்ணம். எழுந்து நின்று கைதட்டினார். கதாபாத்திரமே சபையிலிருந்து எழுந்து பேசும் இந்த உத்தியைத் தான் எங்கும் கண்டதில்லை என்றும், அமைப்பாளர்களைப் பாராட்டுவதாகவும் மேடை மைக்கில் சொன்னார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் தட்டினார்கள். இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு விருந்தினரைக் கைப்பிடித்து உட்கார வைக்க விரும்பியது அன்று ஒரு நாள்தான்.

சரோஜா கைதட்டவில்லை. மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டார். மகளைத் தொட்டு எழுப்பினார். பாக்கியத்தின் முழங்காலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். பாக்கியம் காலை ஒதுக்கினார். சரோஜா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, படாமல் தாண்டிப் போனார். ரேணுகா மேடையிலேயே வாசித்த தாளைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஏற்புரை நடக்கவில்லை. சார் மேடை மைக்கை வாங்கி, “அடுத்து நன்றியுரை” என்றார்.

மறுநாள் என் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒருவருக்கு ஒலிவாங்கி வழங்கியது குறித்து மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். ஒரே அறையில் எட்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். நானும் எழுதியே கொடுத்தேன். பட்டறையில் அவரைப் பேச விடாமல் தடுத்தது என் தவறு, விழாவில் பேச விட்டது அந்தத் தவறுக்கான திருத்தம் என்று எழுதினேன். சார் இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். விட்டுப்போன ஒரு ‘ப்’ போட்டார். கோப்பில் சேர்த்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. அடுத்த வருட விதிகளில் மட்டும், பார்வையாளருக்கு ஒலிவாங்கி வழங்கலாகாது என்று ஒரு வரி அவர் கையெழுத்தில் கூடியிருந்தது.

ரேணுகா அதன் பிறகு எங்கள் எந்த நிகழ்ச்சிக்கும் வரவில்லை. அறந்தாங்கிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். நன்றாக எழுதக்கூடியவள். அவளுடைய பெரிய நாளை நான்தான் பாழாக்கினேன் என்று அவள் நினைத்தால், இல்லை என்று என்னால் மறுக்க முடியாது.

ஏழெட்டு மாதம் கழித்துத் தஞ்சாவூர்ச் சாலையில் போனபோது பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு பாக்கியம் வேலை செய்யும் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரைக்கு அடியில் கட்டையும் சாம்பலுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். வீட்டில் கொஞ்ச நாள் சத்தம் இருந்ததாம், புருஷன் போனில் திட்டினாராம், பிறகு அடங்கிவிட்டதாம். சரோஜா மறுநாளே மல்லிகா வீட்டுக்குப் போய்விட்டாராம். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து அழுததை ஊரே பார்த்ததாம். இப்போது நூறு நாள் வேலைக்கு இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்களாம்.

உங்களோடு பேசுகிறாரா என்று கேட்டேன்.

“பேசலங்க. எதுக்க வந்தா அங்கிட்டுத் திரும்பிக்கிருவா.” சாம்பல் கையால் நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டார். “பரவால்ல. யாரோட பேசக்கூடாதுன்னு இப்பத்தான் அவளுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கு.”